இன்னொரு மரச்சீனி: வாழை மட்டையை உடைக்க ஆசிடா, என்சைமா, சிரட்டைக்கரியா?

எங்கள் குமரி மாவட்டத்துப் பக்கத்தில் மரச்சீனி என்றால் மரவள்ளிக் கிழங்கு. அதை மரம், சீனி என்று பிரித்துப் பொருள் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் ஒரு வருடமாக என் பெரியம்மா மகன் என்னிடம் கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பிரித்த பொருளைத்தான். திருவட்டாறு பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர் வாழை, செவ்வாழையும் நேந்திரனும். குலை வெட்டியபின் மரம் அங்கேயே கிடந்து அழுகும். வாழை மட்டையில் இருப்பது செல்லுலோஸ், அதை உடைத்தால் குளுக்கோஸ், குளுக்கோஸைப் புளிக்கவைத்தால் எத்தனால் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்துவிட்டார்.

"ஏலே, நீ கெமிஸ்ட்ரி படிச்சவன்தானே. எதப் போட்டா உடையும்? அத மட்டும் சொல்லு."

அதை மட்டும் சொல்வது சுலபம். கந்தக அமிலம் போட்டாலும் உடையும், என்சைம் (நொதி) போட்டாலும் உடையும், பக்குவம் பண்ணிய சிரட்டைக்கரி, அதாவது கொட்டாங்குச்சிக் கரி, போட்டாலும் ஓரளவு உடையும். உடைந்த பிறகு சட்டியில் சீனியோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் கிடக்கிறது, அதை யார் பிரிப்பது, பிரிக்க என்ன செலவு? உடைக்கும் இந்தப் பொருட்களை, அதாவது வினையூக்கிகளை, ஒப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் அதுதான். புத்தகங்கள் பெரும்பாலும் எத்தனை சதவீதம் உடைந்தது என்று பார்த்து வரிசைப்படுத்தும். தோட்டத்துக்காரருக்கு அந்த வரிசை உதவாது.

முதலில் எதை உடைக்கப் போகிறோம் என்பது. மரச்சீனிக் கிழங்கின் மாவும் கதம்பை (தேங்காய் மட்டை) நாரின் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைகள்தான். கோத்த விதம் மட்டும் வேறு. மாவில் ஆல்ஃபா பிணைப்பு, மாலை சுருண்டு தளர்வாக இருக்கும். நம் எச்சிலே அதை உடைத்துவிடும். செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. மாலை நேராக நிற்கும், பக்கத்து மாலையோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே நுழைய இடம் தராது. போதாததற்குச் சுற்றிலும் லிக்னின் என்ற கெட்டிப் பொருள் பூசியிருக்கும். அதனால்தான் கிழங்கு அரைமணியில் வெந்துவிடுகிறது, தேங்காய்க் கயிறு வருடக்கணக்கில் உப்புத்தண்ணீரில் கிடந்தும் அறுவதில்லை.

இது பழைய ஆசை. 1819-இல் ஆன்ரி பிராகனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பழைய லினன் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்தார். துணியின் எடையைவிடச் சர்க்கரையின் எடை கூடுதலாக வந்தது. மாயம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பிணைப்பு அறும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து சேர்கிறது. 162 கிராம் செல்லுலோஸ் 18 கிராம் தண்ணீரோடு சேர்ந்து 180 கிராம் குளுக்கோஸ் ஆகிறது. செல்லுலோஸ் என்று அந்தப் பொருளைத் தனியாக இனம் கண்டவர் ஆன்செல்ம் பாயன், அது 1838. அதாவது பெயர் வைப்பதற்கு முன்பே உடைத்துவிட்டார்கள்!

அண்ணனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போட்டுவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாத் தீர்ப்பும் இதில்தான் நிற்கிறது. குலை வெட்டிய வாழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு டன் பச்சை மட்டையில் உலர்ந்த சரக்கு 70 கிலோ என்று வைப்போம். அதில் செல்லுலோஸ் 40 சதவீதம் என்றால் 28 கிலோ. முழுக்க உடைந்தால் 31 கிலோ குளுக்கோஸ். முழுக்க உடையாது. எழுபது சதவீதம் உடைந்தால் 22 கிலோ. அதை எத்தனாலாக்கினால் ஏட்டுக் கணக்கில் 14 லிட்டர். வெறும் ஏட்டுக் கணக்கா என்று சந்தேகம் வந்தால் ஒரு பெரிய ஆலையோடு ஒப்பிடலாம்: ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 ஆகஸ்டில் திறந்த ஆலைக்கு வருடம் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். டன்னுக்கு 150 லிட்டர். அந்த விகிதத்தில் நம் 70 கிலோவுக்குப் பத்தரை லிட்டர்தான்.

ஒரு டன் மட்டையை வெட்டி, சுமந்து, நறுக்கி, பத்தரை லிட்டர். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப கதம்பை? ஈத்தாமொழியில தும்பு ஆலைக்காரன் சோறு சும்மா தாரேங்கானே" என்றார். சோறு என்றால் கதம்பையில் தும்பு, அதாவது நார், எடுத்தபின் மிஞ்சும் தூள். தும்பு ஆலையில் குவியும் அந்தச் சோற்றில் தண்ணீர் பிரச்சினை இவ்வளவு இல்லை, உண்மை. ஆனால் கதம்பையில் லிக்னின் 40 சதவீதத்தைத் தொடும். செல்லுலோஸைக் கயிறாகக் காப்பாற்றும் அதே பூச்சு, என்சைமையும் உள்ளே விடாது. ரப்பர் மரத்தூளும் கட்டைதான், லேசில் மசியாது. வைக்கோலில் மணல் சத்து, அதாவது சிலிக்கா, அதிகம். ஒப்பிட்டால் வாழை மட்டை மெதுவானது, லிக்னின் குறைவு. அதன் ஒரே பாவம் தண்ணீர். சரி, வாழை என்றே வைத்துக்கொள்வோம்.

நீர்த்த ஆசிட்

ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் ஆசிட் புதிதில்லை. பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் கேனில் இருக்கும். அதனால் அண்ணனுக்கு முதலில் பிடித்த வழி இது. மட்டையை நறுக்கி, ஒரு சதவீதம் கந்தக அமிலம் கலந்த தண்ணீரில் குக்கரில் வைத்தால் ஆகாதா?

நாங்கள் வைத்துப் பார்த்தோம். பழைய அலுமினியக் குக்கரை ஆசிடுக்குக் கொடுக்க மனமில்லாமல், கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அதைக் குக்கருக்குள் நிறுத்தி, முக்கால் மணி நேரம். வடிகட்டி, சோடா உப்பால் ஆசிடைத் தணித்து, சீனி இருந்தால் நிறம் மாறும் பெனடிக்ட் கரைசல் விட்டுச் சூடாக்கினால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் படிந்துவிட்டது. அண்ணன் வீட்டுக்குள் போய் மதினியைக் கூட்டிவந்து காட்டினார். நானும் அன்றைக்கு நம்பிவிட்டேன்.

மறுநாள்தான் உறைத்தது. மட்டையிலும் தண்டிலும் ஏற்கெனவே மாவும் கொஞ்சம் சீனியும் உண்டு. அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் பச்சைத் தண்டே கருநீலம் காட்டுகிறது. குக்கரின் 120 டிகிரியில் நீர்த்த ஆசிட் மாவை உடைக்கும், செல்லுலோஸோடு சேர்ந்திருக்கும் ஹெமிசெல்லுலோஸை உடைத்துச் சைலோஸ் என்ற வேறொரு சீனி ஆக்கும், செல்லுலோஸைச் சும்மா தடவிக்கொடுக்கும், அவ்வளவுதான். நாங்கள் பார்த்த செங்கல் நிறம் முக்காலும் மாவின் நிறம். கல்லூரி மாணவர்கள் இந்த வலையில் விழாமலிருக்க ஒரே வழி: மட்டையைக் கொதிநீரில் பலமுறை கழுவி, அயோடினில் நிறம் காட்டாமல் ஆகும் வரை மாவை வெளியேற்றிவிட்டுப் பிறகு தொடங்குவது. கூடவே வினையூக்கி போடாத ஒரு பாட்டிலையும் அதே குக்கரில் வைப்பது.

செல்லுலோஸ் உண்மையில் நீர்த்த ஆசிடில் உடைய 170, 180 டிகிரி வேண்டும். ஜெர்மனியில் ஷோலர் முறை என்று உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஆலைகளே நடத்தினார்கள். மரத்தூள் மேல் சூடான நீர்த்த கந்தக அமிலத்தை அழுத்தத்தில் செலுத்தி வடித்தார்கள். 170 டிகிரி என்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துப் பார்த்தால், ஆவி அழுத்தம் வீட்டுக் குக்கரைப் போல் ஏழு மடங்கு. அது பாய்லர் சமாச்சாரம். ஆசிட் தாங்கும் பாய்லர்.

அழுத்தம்கூடப் பணம் இருந்தால் தீரும். தீராதது வேறு. ஆசிடுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. செல்லுலோஸை உடைத்துக் குளுக்கோஸ் ஆக்கிய அதே சூட்டில் குளுக்கோஸையும் பிடித்து ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுரால் ஆக்கும், அதை மேலும் உடைத்து லெவுலினிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் ஆக்கும். ஆம், ரப்பர் பாலில் ஊற்றுகிற அதே ஃபார்மிக். சைலோஸ் ஃபர்ஃபுரால் ஆகும். இவை சீனியைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு விஷம். 1945-இல் அமெரிக்காவின் மேடிசனில் சேமன் என்பவர் இந்த இரண்டு ஓட்டத்தையும் அளந்து காட்டினார்: சீனி உருவாகும் வேகம் ஒரு பக்கம், சீனி கெடும் வேகம் மறுபக்கம். சூட்டை ஏற்றினால் உருவாகும் வேகம் கெடும் வேகத்தைவிடக் கூடுதலாக ஏறும். அதனால் மிகுந்த சூட்டில் மிகக் குறைந்த நேரம் வைப்பதே தந்திரம். அப்படியும் பாதிக்குச் சற்று மேலே போவது கடினம். அந்தத் தந்திரத்துக்குக் குழாய் உலை வேண்டும், நறுக்கிய வாழை மட்டை குழாயில் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் சட்டியில் மிச்சம் என்ன? 70 கிலோ சரக்குக்கு 700 லிட்டர் தண்ணீர், ஒரு சதவீதம் என்றால் 7 கிலோ ஆசிட். சுண்ணாம்பு போட்டுத் தணித்தால் 12 கிலோ ஜிப்சம் சகதி. நல்லபடியாக நடந்தாலே 20 கிலோ சீனி, அதற்குப் பக்கத்தில் 12 கிலோ சகதி, நடுவில் பழுப்பு நிறத்தில் ஃபர்ஃபுரால் வாடை. என் தீர்ப்பு: இதை முன்பக்குவமாக, அதாவது வேறு வழிக்கு மட்டையைத் தயார்செய்ய, வைத்துக்கொள்ளலாம், முழு வழியாக வேண்டாம்.

அடர் ஆசிட்

ஆய்வகத்தில் ஒரு பொருளில் மொத்தம் எவ்வளவு சீனி ஒளிந்திருக்கிறது என்று அளக்க இதுதான் முறை. 72 சதவீதக் கந்தக அமிலத்தில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, 4 சதவீதத்துக்கு நீர்க்கவைத்து, 121 டிகிரியில் இன்னொரு மணி நேரம். கிட்டத்தட்ட முழுக்க உடைந்துவிடும். அடியில் கறுப்பாக நிற்பது லிக்னின். உடைக்கும் திறனில் இதை மிஞ்ச வேறு இல்லை.

ஆனால் 70 கிலோ சரக்குக்கு மூன்று பங்கு ஆசிட் என்று வைத்தால் 210 கிலோ. திரும்ப எடுக்காமல் சுண்ணாம்பில் தணித்தால் 370 கிலோ ஜிப்சம். தோட்டத்தில் இடம் இருக்காது. ஆசிடைத் திரும்ப எடுப்பதே இந்த முறையின் உயிர். 1931-இல் நோபல் பரிசு வாங்கிய ஜெர்மன் வேதியியலாளர் பெர்கியுஸ் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வைத்து ஆலை நடத்தியபோதும் போராட்டம் அதோடுதான். வீட்டில் தொடவே கூடாத வழி. அளப்பதற்கு மட்டும், அதுவும் ஆய்வகத்தில்.

சிரட்டைக்கரியும் மணவாளக்குறிச்சி மணலும்

இது எனக்குப் பிடித்த வழி என்பதை ஒளிக்கவில்லை. காரணம் எளிது: ஆசிட் தண்ணீரில் கரைந்துவிட்டால் பிரிக்க முடியாது, ஆசிடைக் கரியின் மேல் ஒட்டவைத்துவிட்டால் வடிகட்டிப் பிரிக்கலாம். ஜிப்சம் இல்லை, சகதி இல்லை. 2008-இல் ஜப்பானில் இரண்டு குழுக்கள் இதைச் செய்து காட்டின. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹாரா குழு, செல்லுலோஸையே அரைகுறையாகக் கரியாக்கி, புகையும் கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்தி, அதை வைத்து 100 டிகிரியிலேயே செல்லுலோஸைக் கரைத்தது. கிடைத்ததில் பெரும்பகுதி குட்டைச் சங்கிலிகள், குளுக்கோஸ் சொற்பம். கோச்சி பல்கலைக்கழகத்தின் ஓன்டா குழு (நம் கொச்சி இல்லை, அது ஜப்பானில் வேறு ஊர்) சல்ஃபோனேற்றம் செய்த, அதாவது கந்தக அமிலக் கூறை ஒட்டவைத்த, ஆக்டிவேட்டட் கார்பனை (நுண்துளைக் கரியை) வைத்து 150 டிகிரியில் ஒரு முழு நாள் விட்டு 40 சதவீத அளவுக்குக் குளுக்கோஸ் எடுத்தது.

சிரட்டைக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் நம்முடையது. ஆக்டிவேட்டட் கார்பனுக்கு உலகமே விரும்பும் மூலப்பொருள் சிரட்டை. ஆகவே கல்லூரி மாணவர் யாராவது "சிரட்டைக்கரி வினையூக்கி" என்று தலைப்பு எடுத்தால் நான் கை தட்டுவேன். மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் சிர்க்கான் என்ற கனிமம் உண்டு. சல்ஃபேட் ஏற்றிய சிர்க்கோனியாவும் (சிர்க்கோனியம் ஆக்சைடும்) திட ஆசிட்தான் என்று இன்னொருவர் ஆரம்பிக்கலாம். ஆனால் சிர்க்கான் என்பது சிலிகேட் கல். அதிலிருந்து சிர்க்கோனியா எடுப்பது தனிப் பெரிய தொழில். மணலை அள்ளிப் போட்டு ஒன்றும் நடக்காது. தவிர, அந்தச் சிர்க்கோனியாவும் வெந்நீரில் ஒட்டிய சல்ஃபேட்டை மெல்ல விட்டுவிடும்.

எங்கே இடறுகிறது என்றால், கரியும் திடம், செல்லுலோஸும் திடம். இரண்டு கல் ஒன்றையொன்று உரசி எவ்வளவு நேரம் வேலை செய்யும்? அதனால் இந்தச் சோதனைகளில் செல்லுலோஸை முதலில் பந்து ஆலையில் (குண்டுகள் உருண்டு அரைக்கும் இயந்திரத்தில்) போட்டு மணிக்கணக்கில் அரைத்து அதன் படிக ஒழுங்கைக் குலைக்கிறார்கள். ஆய்வுத் தாளில் அது ஒரு வரி. மின் கட்டணச் சீட்டில் பெரிய வரி. அடுத்தது, அந்தத் தாள்கள் பெரும்பாலும் பேசுவது வாங்கிய, சுத்தமான செல்லுலோஸ் தூளைப் பற்றி. வாழை மட்டையைப் போட்டால் உடையாத லிக்னினும் சாம்பலும் கரியோடு சேர்ந்து அடியில் ஒரே கறுப்புச் சேறாக நிற்கும். இதில் கரி எது, கசடு எது? வடிகட்டிப் பிரிக்கலாம் என்றுதானே இதற்கே வந்தோம்? மட்டையில் உள்ள பொட்டாசியம் வேறு கரியின் ஆசிட் இடங்களில் போய் உட்கார்ந்து அதை முடக்கும். வாழையில் பொட்டாசியத்துக்கா குறை!

கரி ஆசிட் நன்றாக வேலை செய்வது ஏற்கெனவே தண்ணீரில் கரைந்த சரக்கின் மேல்தான். குட்டைச் சங்கிலிகளைக் குளுக்கோஸாக முடிப்பதற்கு அது கெட்டிக்காரத்தனமான இரண்டாம் கட்டம். முதல் கட்டம் வேறு யாராவது செய்து தரவேண்டும். செய்து பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்கு ஒன்று: கரியை அடர் கந்தக அமிலத்தில் சூடாக்கும்போது கிளம்பும் புகை நெஞ்சை அடைக்கும். புகைப்போக்கி உள்ள ஆய்வகம் இல்லாமல் தொடாதீர்கள்.

அயனித் திரவங்களைப் பற்றியும் கேட்பார்கள். 2002-இல் அமெரிக்காவில் ரோஜர்ஸ் குழு செல்லுலோஸை அப்படியே கரைத்துக் காட்டிய உப்புத் திரவம். அழகான வேதியியல். ஆனால் அதில் தண்ணீர் பட்டால் கரைந்த செல்லுலோஸ் திரும்பப் படிந்துவிடும், நம்மிடம் இருப்பதோ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். விலையைக் கேட்கவே வேண்டாம்.

என்சைம்

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணியும் பருத்தி உடையும் அழுகி விழுந்தன. காரணம் தேடி எடுத்த பூஞ்சைகளில் சாலமன் தீவுகளில் கிடைத்த ஒன்று பிற்பாடு ட்ரைக்கோடெர்மா ரீசை என்று பெயர் பெற்றது. மாசசூசெட்ஸின் நேட்டிக் ஆய்வகத்தில் அதை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர்கள் எல்வின் ரீஸும் மேரி மேண்டல்ஸும். இன்றைய செல்லுலேஸ் தொழில் பெரும்பாலும் அந்த ஒரு பூஞ்சையின் வாரிசு.

வாழைக்காரர்களுக்கு அதன் ஒன்றுவிட்ட சகோதரனைத் தெரியும். வாடல் நோய்க்குச் சாணத்தில் கலந்து போடுகிறார்களே, ட்ரைக்கோடெர்மா விரிடி. "அதையே மட்டையில தூவினா சீனி வராதா?" என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. பூஞ்சை செல்லுலோஸை உடைப்பது தான் தின்பதற்கு. நமக்கு மிச்சம் வைக்காது. மட்டை எருவாகும், சீனி கிடைக்காது. பூஞ்சையை விட்டுவிட்டு அது கக்கிய என்சைமை மட்டும் எடுத்தால்தான் சீனி சட்டியில் நிற்கும்.

அந்த என்சைம் ஒன்றல்ல, ஒரு கூட்டம். ஒருவன் கயிற்றை நடுநடுவே வெட்டுவான். அடுத்தவன் வெட்டிய நுனியைப் பிடித்து இரண்டிரண்டு மணியாக உருவுவான். அந்த இரட்டை மணிக்குச் செல்லோபயோஸ் என்று பெயர். மூன்றாமவன், பீட்டா குளுக்கோசிடேஸ், அந்த இரட்டையைப் பிரித்து ஒற்றைக் குளுக்கோஸ் ஆக்குவான். மூன்றாமவன் சோம்பேறியானால் செல்லோபயோஸ் குவிந்து இரண்டாமவனின் கையைக் கட்டிவிடும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நமக்குச் சுலபமாகக் கிடைக்கிற செல்லுலேஸ் திருப்பூரில் பனியன் துணியை மழமழப்பாக்கும் பயோ வாஷ் சரக்கு. அது துணியின் பிசிறை வெட்டுவதற்கானது, சீனிக்கானது அல்ல. மூன்றாமவன் அதில் குறைவாக இருக்கலாம். அதில் இரண்டு வகை வேறு விற்கிறார்கள். நியூட்ரல் வகை 6, 7 பி.ஹெச்.சில் (அமிலத்தன்மையின் அளவு அது) வேலை செய்யும். நமக்கு வேண்டியது 5 பக்கம் வேலை செய்யும் ஆசிட் வகை. லேபிளில் யூனிட் என்று போட்டிருந்தால் என்ன யூனிட் என்று கேளுங்கள். உலகம் ஏற்றுக்கொண்ட அளவு வடிகட்டித் தாள் யூனிட்: 50 மில்லிகிராம் வாட்மேன் தாள் துண்டை 50 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டு எவ்வளவு சீனி வருகிறது என்று பார்ப்பது. அந்த முறையை 1987-இல் தொகுத்து எழுதியவர் ஐ.ஐ.டி. டெல்லியின் பேராசிரியர் டி.கே. கோஷ். விற்பவர் வேறு யூனிட் சொன்னால் ஒப்பிட முடியாது.

என்சைமுக்கு மட்டையை அப்படியே கொடுத்தால் தொடாது. முதலில் காரத்தில் ஊறவைத்து லிக்னினைத் தளர்த்த வேண்டும். காஸ்டிக் சோடா வேகம், ஆனால் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விட முடியாது. சுண்ணாம்பு மெதுவாக வேலை செய்யும். உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு போட்டு நாள்கணக்கில் ஊறவிடலாம், மிஞ்சியதை ஓரளவு படியவைத்து எடுக்கலாம். சிப்பிச் சுண்ணாம்பு நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். ஊறியபின் நன்றாகக் கழுவி, வினிகர் விட்டு பி.ஹெச். 5-க்குக் கொண்டுவந்து, என்சைமைக் கலந்து, 50 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைக்க வேண்டும்.

ஐம்பது டிகிரியில் மூன்று நாள். இதைச் சொன்னதும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "நம்ம புகைப்புரைலே!" ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை 40 முதல் 60 டிகிரியில்தான் நாள்கணக்கில் நிற்கும். நான் படித்த எந்தத் தாளிலும் இல்லாத உலை எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இருந்தது. ஷீட்டுக்குக் கீழே ஓர் ஓரத்தில் மூடிபோட்ட டப்பாவை வைத்தோம்.

முதல் தடவை கெட்டுப்போனது, தவறு என்னுடையது. இரண்டாம் இரவு தீயைக் கவனிக்காமல் தூங்கிவிட்டேன். காலையில் டப்பாவைத் திறந்தால் புளித்த கஞ்சி வாடை. சூடு இறங்கினால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். நாம் மூன்று நாளாகச் சமைத்த குளுக்கோஸை ஒரு இரவில் தின்று அமிலமாக்கிவிடும். சூடு 60-ஐத் தாண்டினாலோ என்சைமே வெந்துவிடும். அடுத்த தடவை பகலில் அவர், இரவில் நான் என்று முறை வைத்தோம். வடித்த நீர் தேன் நிறத்தில் இருந்தது, கருகல் வாடை துளியும் இல்லை.

அண்ணன் தன் சுகர் மெஷினை எடுத்துவந்தார். சிரிக்க வேண்டாம், குறைந்த செலவில் இது உருப்படியான சோதனை, இரண்டு எச்சரிக்கையோடு. பெனடிக்ட், குளுக்கோஸ், சைலோஸ் போன்ற எல்லா ஒடுக்கும் சீனியையும் காட்டும், ஸ்ட்ரிப் குளுக்கோஸைத்தான் தேடும். ஆனால் சில வகை ஸ்ட்ரிப் சைலோஸையும் குளுக்கோஸாக எண்ணிவிடும். மெஷின் பொதுவாக 600-க்கு மேல் எண் காட்டாது. மூன்று சதவீதச் சீனிக் கரைசல் என்பது அதன் கணக்கில் 3000, ஆகவே பத்து மடங்கு நீர்க்கவைத்துப் பார்க்க வேண்டும். ரத்தத்துக்கு அளவு வைத்த மெஷின் என்பதால் எண்ணை நம்பாதீர்கள். நேற்றைவிட இன்று ஏறியதா என்பதை நம்பலாம். சரியான எண் வேண்டுமானால் ஆய்வகத்தில் ஒவ்வொரு சீனியையும் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவிதான்.

என்சைம் வழியில் சட்டியில் மிச்சம் லிக்னின் கசடு, துணியில் வடித்தால் நின்றுவிடும். கொஞ்சம் கால்சியம், கொஞ்சம் புரதம். ஃபர்ஃபுரால் வகையறா இல்லை. குளுக்கோஸ் கெடுவதில்லை. என் அளவுகோலில் இதுதான் முதலிடம். குறை என்சைமின் விலையும் மூன்று நாள் காவலும்.

சரி, எதைச் செய்வது?

படிக்கிற பிள்ளைகளுக்குக் கரி ஆசிட். தோற்றாலும் எழுத விஷயம் இருக்கும். கோடிகளில் முதலீடு, பக்கத்திலேயே மலைபோல் காய்ந்த வைக்கோல் என்று இருப்பவர்கள் ஏற்கெனவே முன்பக்குவம், அப்புறம் என்சைம் என்ற பாதையில்தான் போகிறார்கள், பானிப்பட்டும் அதுதான். அண்ணனைப் போல இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு வழி என்சைம் என்றாலும், போக வேண்டுமா என்பதே கேள்வி.

ஏனென்றால் என்சைம் தரும் கரைசலில் சீனி மூன்று சதவீதம். அக்கானியில் (பதநீரில்) பத்து, பன்னிரண்டு சதவீதம் இருக்கும். அதைக் கருப்பட்டியாக்கவே எவ்வளவு விறகு எரிகிறது என்று குமரி மாவட்டத்துக்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை. 700 லிட்டரைச் சுண்டவைக்கச் சாதாரண அடுப்பில் சுமார் 400 கிலோ விறகு ஆகும். கிடைப்பது 22 கிலோ பாகு. கடையில் சீனி கிலோ 50 ரூபாய்க்குள் கிடைக்கிறது. சுண்டவைக்காமல் அப்படியே புளிக்கவைக்கலாமே என்றால், அது சாராயம். உரிமம் இல்லாமல் காய்ச்சினால் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. எரிபொருளுக்கு என்று சொன்னால் போலீஸ் சிரிக்காது.

மறந்துவிடக் கூடாத இன்னொரு வினையூக்கி தொழுவத்தில் கட்டியிருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் 39 டிகிரியில், அழுத்தம் இல்லாமல், நுண்ணுயிர்கள் இதே பீட்டா பிணைப்பை உடைக்கின்றன. சட்டியில் மிச்சத்தைப் பிரிக்கும் வேலையும் அதனுடையதே. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து மூன்று வாரம் மூடிவைப்பதும் ஒரு கார முன்பக்குவம்தான், யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. வாழைத் தண்டில் புரதம் குறைவு, தண்ணீர் அதிகம்; ஆகவே அதை மட்டுமே தீனியாக்க முடியாது, வைக்கோலோடு நறுக்கிக் கலக்கலாம். வைக்கோல் மிஞ்சினால் சிப்பிக் காளான். எல்லாவற்றையும்விட, உடைக்காத செல்லுலோஸுக்குத் தோவாளையில் விலை உண்டு: பூ கட்டும் நார். மாலையை அறுத்து மணியாக்கி விற்பதைவிட மாலையாகவே விற்பது லாபம் என்று நான் சொன்னபோது அண்ணனுக்கு அவ்வளவு சந்தோஷமில்லை.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது. வெளி மட்டை நாருக்கு. உள் தண்டு நறுக்கி மாட்டுக்கு. நார் எடுத்தபின் சாறு பிழிந்த சக்கை மட்டும் சுண்ணாம்புத் தொட்டிக்கு. அதில் 20 லிட்டர் டிரம் ஒன்று என்சைமோடு புகைப்புரைக்குள் போகும், பார்ப்போம் என்கிற அளவில். டிரம்முக்குப் பக்கத்தில் தொங்கவிட அவரே நாகர்கோவிலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவந்துவிட்டார். நேந்திரன் குலை ஓணத்துக்கு முன்னால் இறங்கும். அதற்குள் திருப்பூரிலிருந்து ஆசிட் செல்லுலேஸ் ஒரு லிட்டர் வரவழைக்க வேண்டும். நியூட்ரல் அனுப்பிவிடாதீர்கள் என்று இரண்டு தடவை போனில் சொல்லியிருக்கிறேன்.